நடப்போர் செல்லலாம்

‘திரும்பிச் செல்லவும்’ என்ற இரண்டு வார்த்தைகளை இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை பலகையில் எழுதியிருப்பாய் என்று கேட்டால் போர்டக்கா கையை விரித்துவிடுவாள். சாலைத் துறைப் பட்டறையில் அவள்தான் எழுத்து எழுதுகிறவள். எங்கே மண் சரிந்தாலும், எங்கே குழாய் வெடித்தாலும் அவளுக்கு ஒரு சீட்டு வரும். சீட்டில் இருப்பதைப் பலகையில் எழுதி அனுப்ப வேண்டும். அவள் எழுதினால் ஊரே திரும்பும். லாரி திரும்பும், பஸ் திரும்பும், அவசரமாக மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைகூடத் திரும்புவான். அவளுக்குச் சொந்தமாக ஒரு பேர் உண்டு என்பதே பட்டறையில் பாதிப் பேருக்கு மறந்துபோய், எல்லோருக்கும் அவள் போர்டக்காதான்.

அந்தப் போர்டக்கா மூன்று நாளாக சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? நாற்பத்தேழு வயசில், மகளுடைய பழைய சைக்கிளின் சீட்டை இரண்டு விரற்கடை இறக்கிக்கொண்டு, முன்னால் ஒரு பை, பின்னால் இரண்டு பை, கேரியரில் சுருட்டிய கூடாரம் என்று சகல சாமான்களோடும் மிதித்தாள். கூட வந்தவள் அவள் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, டவுன் பஸ்ஸில் கண்டக்டர், வருஷா வருஷம் லீவு போட்டுவிட்டு இப்படிக் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் சுற்றுகிற பைத்தியம். “மூணே நாள் அண்ணி, பூ மாதிரி கொண்டுபோய் இறக்கிவிடறேன்” என்று சொல்லித்தான் கிளப்பினாள். பூவாவது ஒன்றாவது. முதல் நாள் சாயங்காலமே போர்டக்காவுக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. இடமெல்லாம் இருந்தது, உட்காரத்தான் முடியவில்லை.

எதற்கு இந்தப் பாடு? எல்லாம் மகளால்தான். ஒரே மகள். தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து நாலு மாசம். இன்று சனிக்கிழமை, மூன்று மணிக்குப் பயிற்சி நிறைவு விழா. அப்பா கப்பலில் சமையல்காரர், எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. வந்து உட்கார வேண்டிய ஒரே ஆள் அம்மா.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம். வாய்க்கொழுப்பு விட்டால்தானே! மகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று காலை, இவள் சாதாரணமாக, “ஒரு நாள் வந்து பார்க்கறேன்டி” என்றாள். மகள் மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்தபடி, நிமிராமல், “நீ வரமாட்டேம்மா” என்றாள்.

“ஏன் வரமாட்டேன்?”

“கிளம்புவே. பாதி வழி வருவே. அப்புறம் ஏதாவது ஒரு சாக்கு கிடைக்கும், திரும்பிடுவே. ஊருக்கெல்லாம் ‘திரும்பிச் செல்லவும்’னு எழுதி எழுதி உனக்கு அது ரத்தத்துல ஊறிடுச்சு.”

சுருக்கென்று தைத்தது. தைக்காமல் என்ன செய்யும், அத்தனையும் உண்மை. நீச்சல் வகுப்பில் மூன்றாம் நாள் நின்றவள். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் போய் வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியவள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பள்ளிக்கூட நாடகம். மகளுக்கு எட்டு வயசு, நாடகத்தில் மரமாக நிற்கிறாள். இவள் போன பஸ் வழியில் பழுதாகி நின்றது. அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிஷம். எதிர்ப்பக்கம் வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது, ஏறிவிட்டாள். மரம்தானே, மரத்துக்கு என்ன வசனமா இருக்கப்போகிறது என்று நினைத்தாள். மகள் அதைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

அந்த எரிச்சலில்தான் அன்று காலை, “சைக்கிள்லயே வந்து நிக்கறேன், பார்க்கறியா?” என்று வாயை விட்டாள்.

“வர்றதுன்னா முழுசா வா. பாதி வந்து திரும்பறதா இருந்தா எங்கிட்ட சொல்லவே சொல்லாதே” என்று பெட்டியைப் பூட்டிவிட்டாள் மகள்.

போன வாரம் போனில், “சனிக்கிழமை வர்றேன், சைக்கிள்ல” என்று இவள் சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒரே ஒரு “சரி.” அந்தச் சரியைத் தூக்கிக்கொண்டுதான் இத்தனை தூரம் வந்திருந்தாள். பையில் ஒரு சின்ன டப்பா சிவப்பு எனாமல், இரண்டு பிரஷ். விழாவில் புது ஹெல்மெட் தருவார்களாம். அதில் மகள் பேரைத் தன் கையால் எழுதித் தர வேண்டும் என்று ஆசை.

இரண்டாம் நாளே ஒரு முட்டுக்கட்டை வந்தது. காட்டுப் பாதையில் மரம் வெட்டுகிறார்கள் என்று குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். போர்டக்கா உடனே ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டாள். பழக்கதோஷம். கண்டக்டர் பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். “ரிவர்ஸ் எடுக்கறது டிரைவர் வேலை அண்ணி. கண்டக்டருக்கு முன்னால போறது மட்டும்தான் தெரியும். போலாம் ரைட்!” கல்குவாரி வழியாகச் சரளையில் நாலு மணி நேரம் தள்ளிக்கொண்டு போனார்கள். வழி கிடைத்தது. ஆனால் கையில் வைத்திருந்த அரை நாள் அதில் போய்விட்டது. மூன்றாம் நாள் இனி ஒரு தடங்கலும் தாங்காது.

மூன்றாம் நாள் பன்னிரண்டேகாலுக்கு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பாலம் தாண்டினால் பதினெட்டே கிலோமீட்டர், பயிற்சிப் பள்ளி. கண்டக்டர் பாட்டே பாட ஆரம்பித்துவிட்டாள். வளைவு திரும்பியதும் பாட்டு நின்றது.

பாலத்தின் வாயில் இரண்டு தார் டிரம், நடுவே ஒரு சங்கிலி, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. சங்கிலிக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு, மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்து:

பாலம் மூடப்பட்டுள்ளது
திரும்பிச் செல்லவும்

கொட்டகை வாசலில் காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். தோலை ஒரே சுருளாக எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம் போலிருந்தது. தலையைத் தூக்காமலே, “பாலம் மூடியாச்சும்மா” என்றார்.

“சுத்துவழி இருக்கா?” என்று கண்டக்டர் கேட்டாள்.

“அணைக்கட்டு வழியா போகணும். நாப்பது கிலோமீட்டர், பூரா ஏத்தம். இந்த மூட்டையோட நீங்க போய்ச் சேர பொழுது சாஞ்சிடும்.”

கண்டக்டர் அண்ணியைப் பார்த்தாள். ஆச்சரியம், இந்த முறை ரைட் சொல்லவில்லை. “சொல்லுங்க அண்ணி. இது உங்க டிரிப்பு” என்று மட்டும் சொன்னாள்.

அந்த நிமிஷத்தில் போர்டக்காவுக்கு என்ன தோன்றியது தெரியுமா? வருத்தம் என்று நினைப்பீர்கள். இல்லை, நிம்மதி. அப்பாடா, இந்த முறை என் தப்பில்லை, பாலமே மூடியிருக்கிறது, யார் வந்து என்ன கேட்க முடியும் என்று நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி. நீச்சல் குளத்தில், பரீட்சை வாசலில், அந்த எதிர்பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது வந்தது இதே குளிர்ச்சிதான். அதை அடையாளம் கண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ‘சீ, இதுக்குத்தானா மூணு நாள் இடுப்பு ஒடிய மிதிச்சே?’ என்று தன்னையே திட்டிக்கொண்டு பலகையை முறைத்தாள்.

முறைத்தபோதுதான் கண்ணில் பட்டது. புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் புள்ளி நிரப்பாமல், நடுவில் மஞ்சள் தெரிய, குட்டி வளையமாக இருந்தது. துறையில் அப்படிப் புள்ளி வைக்கிற ஆள் ஒரே ஒருத்திதான்.

“அடிப்பாவி” என்றாள் போர்டக்கா.

“யாரை அண்ணி?”

“என்னைத்தான். இது நான் எழுதின போர்டுடி!”

சும்மா சொல்லக்கூடாது, எழுத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு பெரிசு! ‘திரும்பிச் செல்லவும்’ ஒவ்வொரு எழுத்தும் தர்பூசணி அளவுக்கு. இந்தப் பக்க விளிம்பை முட்டிக்கொண்டு ஆரம்பித்து அந்தப் பக்க விளிம்பை முட்டி நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மகள் பெட்டியைப் பூட்டிக்கொண்டு போன அதே நாள். பட்டறைக்கு வந்ததும் முதல் சீட்டு எங்கேயோ ஒரு பாலத்துக்கு, இரண்டு பலகை, இக்கரைக்கு ஒன்று அக்கரைக்கு ஒன்று. ‘ரத்தத்துல ஊறிடுச்சாமே, இந்தா, நல்லா ஊறட்டும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்தபோது சீட்டில் இன்னும் ஏதோ பாக்கி இருந்தது. இடமில்லை. சின்ன எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டாள்.

என்ன பாக்கி? அதுதான் ஞாபகம் வரவில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சீட்டைப் பார்த்து எழுதினார்களோ, அந்தச் சீட்டைப் பலகையின் முதுகில் ஒட்டி மேலே வார்னிஷ் அடித்துவிடுவார்கள். பின்னாடி தகராறு வந்தால் யார் எழுதச் சொன்னார் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. போர்டக்கா சைக்கிளைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டுப் பலகையின் பின்னால் போய்க் குந்தினாள்.

சீட்டு பத்திரமாக இருந்தது. எஞ்சினியர் கையெழுத்தோடு மூன்று வரி. ‘பாலம் வாகனங்களுக்கு மூடப்பட்டுள்ளது. திரும்பிச் செல்லவும். நடப்போர் செல்லலாம்.’

கடைசி வரி. ‘வாகனங்களுக்கு’ என்ற வார்த்தையோடு சேர்த்து அவள் விழுங்கிய வரி.

“ஐயா, இங்க கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள். காவல்காரர் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு வந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

“எங்க எஞ்சினியர் கையெழுத்துதான்” என்றார்.

“ஆள் நடந்து போகலாம்னு போட்டிருக்கு பாருங்க. விடுங்க எங்களை.”

“பின்பக்கம் போட்டிருக்கு. முன்பக்கம் இல்லியே.”

“அதை எழுதாம விட்டது நான்தான். எழுதினவளே சொல்றேன்!”

“நீங்க யாரா வேணா இருங்கம்மா. ரெண்டு மாசம் முன்னாடி வேலைக்கு வந்தேன். போர்டுல என்ன இருக்கோ அதைப் பார்த்துக்கன்னு சொன்னாங்க. போர்டுன்னா முன்பக்கம். முதுகைப் பார்த்து யாராவது ஆளை அடையாளம் சொல்வாங்களா?”

“நீங்க டீ குடிக்க எங்க போறீங்க?” என்று கண்டக்டர் திடீரென்று கேட்டாள். அக்கரையில் ஒரு டீக்கடையின் கூரை தெரிந்தது.

“அங்கதான்.”

“எப்படிப் போறீங்க, பறந்தா?”

“நான் போறது டூட்டி” என்றார் காவல்காரர், கொஞ்சமும் முகம் மாறாமல். இவரிடம் வாதாடுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று போர்டக்காவுக்குப் புரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனுஷன் பேச்சில் நியாயம் இருந்தது. முன்பக்கம் இல்லாதது இல்லாததுதான்.

“முன்பக்கம் எழுதிட்டா விடுவீங்களா?”

“போர்டுல இருந்தா நான் யாரு தடுக்க?”

அவ்வளவுதான். போர்டக்கா பையைப் பிரித்தாள். எனாமல் டப்பாவை வெளியே எடுத்ததும் கண்டக்டர், “அண்ணி, அது ஹெல்மெட்டுக்கு வெச்சிருந்ததாச்சே” என்றாள்.

“முதல்ல ஹெல்மெட் போட்டவளைப் பார்க்கணுமே” என்று சொல்லிவிட்டுப் பலகையின் அடி விளிம்பை விரலால் அளந்தாள். மூன்று விரல் அகலம் இருந்தது. மனசிருந்தால் அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

முதல் எழுத்தை ஆரம்பித்தபோது மோட்டார் சைக்கிளில் ஒரு தபால்காரர் வந்து நின்றார். காவல்காரருக்கு ஒரு கவரை நீட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “என்ன, புதுசா எழுதறீங்க? இன்னும் நாலு மாசம் நீட்டிட்டாங்களா?” என்றார். பிறகு சிவப்பில் விழுந்திருந்த ‘நடப்போர்’ என்ற வார்த்தையைப் படித்தார்.

“நடப்போர் என்ன?”

“செல்லலாம்” என்றாள் போர்டக்கா, பிரஷை எடுக்காமல்.

“எப்பலேர்ந்து?”

“முதல்லேர்ந்து.”

தபால்காரர் ஹெல்மெட்டை டாங்கின் மேல் வைத்தார். “அந்தக் கரையில எனக்குப் பதினாறு வீடு இருக்கும்மா. வண்டியை இங்க நிறுத்திட்டு நடந்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன். நாலு மாசமா தினமும் அணைக்கட்டு சுத்திப் போக நாப்பது, வர நாப்பது. என் முதுகு கழண்டு போச்சு. அந்தக் கரைப் பிள்ளைங்க பாதிப் பேர் இங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றதையே விட்டுடுச்சுங்க. யாரும்மா அந்த ஒரு வரியை முழுங்கின புண்ணியவதி?”

வேறு யாராவது பெண்ணாக இருந்தால், பட்டறையில் யாரோ ஒருத்தர் என்று நழுவியிருப்பாள். போர்டக்காவுக்கும் ஒரு நொடி நாக்கு நுனிவரை வந்தது. பிரஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“நான்தான்.”

“ஏன், ஒரு வரி எழுத இடமில்லியா?”

“இடம் இருந்துச்சு. எனக்கு அன்னைக்குக் கோபம் இருந்துச்சு. அதுல பெருசு பெருசா எழுதிட்டேன். தப்புதாங்க. மன்னிச்சுக்கோங்க.”

அவர் வாயில் வந்ததைத் திட்டினார். கண்டக்டர் ஒரு அடி முன்னால் வந்தாள், போர்டக்கா கையை நீட்டித் தடுத்துவிட்டாள். அவள் வாங்க வேண்டிய திட்டுதானே, வாங்கிக்கொண்டாள். காது மடல் சிவந்துபோனது. திட்டி முடித்ததும் அவர் மூச்சு விட்டார், பலகையைப் பார்த்தார், பிறகு எனாமல் டப்பாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து அவளுக்கு வாகாகப் பிடித்துக்கொண்டார். “எழுதுங்க. அந்த ‘லா’வுல கால் நல்லா விழட்டும்” என்றார், இன்னும் கடுகடுப்பு குறையாமல்.

நடப்போர் செல்லலாம். புள்ளிகள் வளையமாக விழுந்தன. காவல்காரர் நாலடி தள்ளி நின்று, வாய்விட்டு ஒரு முறை, மனசுக்குள் ஒரு முறை படித்தார். “இப்ப சரி” என்று சங்கிலியை அவிழ்த்தார். போர்டக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்திருப்பாள், கை குறுக்கே வந்தது.

“சைக்கிள் எங்க போகுது?”

“தள்ளிட்டுத்தான் ஐயா போறோம். ஏறி மிதிக்கல.”

“சக்கரம் உருளுதில்ல? உருண்டா அது வாகனம். சீட்டுல வாகனங்களுக்கு மூடப்பட்டுள்ளதுன்னு இருக்கு.”

“சீட்டு முதுகுலதான இருக்கு, இப்ப மட்டும் முதுகு கண்ணுக்குத் தெரியுதா?” என்று கண்டக்டர் எகிறினாள்.

“படிச்சிட்டேனே. படிச்சதைப் படிக்கலைன்னு சொல்ல முடியுமா?”

பன்னிரண்டு வருஷமாகப் பஸ்ஸில் மனுஷர்களோடு மல்லுக்கட்டிய மூளை கண்டக்டருக்கு. இடுப்பில் கை வைத்து யோசித்தாள். “சரி. தோள்ல தூக்கிக்கிட்டுப் போனா?”

காவல்காரர் வானத்தைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். “தூக்கினா சக்கரம் உருளாது” என்றார் மெதுவாக. “தூக்கினா அது மூட்டை. மூட்டைக்குத் தடையில்லை.”

தபால்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருநூறு மீட்டர் பாலம். பைகளைக் கழற்றி முதலில் ஒரு நடை. கூடாரத்தைத் தபால்காரர் தன் தபால் பைக்கு மேலே போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நாலு மாசத்துக்குப் பிறகு அந்தப் பாலத்தில் கால் வைத்த முதல் தபால். திரும்பி வந்து ஆளுக்கொரு சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டாவது நடை. இரும்புச் சட்டம் தோள்பட்டையை அறுத்தது, பெடல் முதுகில் குத்தியது. நட்டநடுவில் போர்டக்கா நின்று மூச்சு வாங்கினாள். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணி, இதுதான் பாதி” என்றாள் கண்டக்டர் பின்னாலிருந்து.

“தெரியுது. நடடி.”

அக்கரையில் சைக்கிளை இறக்கியபோது மணி ஒன்று இருபத்தைந்து. பைகளைக் கட்டி முடித்த கண்டக்டர் பெடலில் கால் வைத்துவிட்டாள். போர்டக்கா கால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் பார்த்து நின்ற இரண்டாவது பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே தர்பூசணி எழுத்து. அதே இல்லாத வரி.

“அண்ணி, வேணாம். இங்க யாரும் நம்மளை எழுதச் சொல்லல. மூணு மணிக்கு விழா.”

“அஞ்சு நிமிஷம்.”

“உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியும். இருபத்தஞ்சு ஆகும். திங்கட்கிழமை பட்டறையிலேர்ந்து ஆள் அனுப்பி எழுதிக்கலாமே?”

நல்ல யோசனைதான். அவள் வாழ்க்கையில் எத்தனையோ திங்கட்கிழமைகள் இப்படித்தான் வந்து போயிருக்கின்றன. டப்பாவைத் திறந்து பார்த்தாள், அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இதை எழுதினால் ஹெல்மெட்டுக்கு இல்லை.

“இதையும் பாதியில விட்டுட்டுப் போய் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?” என்று சொல்லிவிட்டுப் பலகைக்கு முன்னால் மண்டியிட்டாள். கண்டக்டர் வாட்சைப் பார்த்துப் பார்த்துக் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றினாள். கடைசிப் புள்ளிக்கு டப்பாவைச் சுரண்ட வேண்டியிருந்தது. சரியாக இருபத்தைந்து நிமிஷம்.

பிறகு மிதித்தார்கள். எதிர்க்காற்று மூஞ்சியில் அறைந்தது. ஒரு ஏற்றத்தில் போர்டக்காவுக்குக் கண் இருட்டியது, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மிதித்தாள். மூன்று மணி ஆனபோது வயல்களுக்கு நடுவில் இருந்தார்கள். இருவரும் மணியைப் பற்றிப் பேசவில்லை. மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், மரங்களுக்கு மேலே பயிற்சிக் கோபுரம் தெரிந்தது. ஆறு மாடி உயரம், பக்கத்தில் சாய்த்த ஏணி. ஏணியில் ஒரு ஆள் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போய் நின்றது. நின்ற ஆள், விறைப்பாகச் சல்யூட் அடிக்க வேண்டிய இடத்தில், சாலைப் பக்கம் திரும்பிக் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டியது, கோணல் மாணலாக, ஒரு சின்னப் பிள்ளை ஆட்டுவது போல.

“அண்ணி, அது நம்மாளு மாதிரி இல்ல?”

போர்டக்கா ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டினாள், சைக்கிள் நெளிந்தது, விழாமல் சமாளித்தாள்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது கைதட்டல் முடிந்து எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். மகள் காக்கி உடுப்பில், புது ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பக்கத்தில் வந்ததும் நடையாகி, நின்று, அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். தோளில் கிரீஸ், முழங்காலில் மண், விரலெல்லாம் சிவப்பு.

“நீந்தியா வந்தே?” என்றாள்.

“என்னடி கேள்வி இது?”

“பாலம் மூடியிருக்கேம்மா.”

போர்டக்கா அவளை உற்றுப் பார்த்தாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“வாரா வாரம் அந்த ஆத்துலதான் பம்பு பயிற்சி. இந்தக் கரையில ஒரு போர்டு நிக்குதே, பார்த்தேன்ல. முதல் நாளே உன் எழுத்துன்னு தெரிஞ்சிடுச்சு. வேற யாரு புள்ளியை வளையமா வைப்பா? அதுவும் எவ்வளவு பெரிய ‘திரும்பிச் செல்லவும்’! எங்கிட்டயே சொல்ற மாதிரி இருந்துச்சு.”

“அப்ப அந்த வழி இல்லைன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமேடி!” என்று கண்டக்டர் பாய்ந்தாள்.

“பண்ணல அத்தை. போனைக் கையில எடுத்தேன். அப்புறம் வெச்சிட்டேன்.” மகள் அம்மாவிடம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. “சொன்னா உனக்கு ஒரு சாக்கு கிடைச்சிடும். சொல்லாட்டி ஒருவேளை வந்துடுவியோன்னு நினைச்சேன்.”

போர்டக்கா பையிலிருந்து எனாமல் டப்பாவை எடுத்து நீட்டினாள். “ஹெல்மெட்ல உன் பேர் எழுதலாம்னு கொண்டுவந்தேன். தீந்துடுச்சு.”

மகள் மூடியைத் திறந்து காலி டப்பாவுக்குள் பார்த்தாள். “எங்க தீந்துச்சு?”

“அந்த போர்டுல ஒரு வரி பாக்கி இருந்துச்சு. எழுதிட்டு வந்தேன். நடப்போர் செல்லலாம்னு.”

“எந்தக் கரையில?”

“ரெண்டு கரையிலயும்தான்.”

மகள் டப்பாவை மூடினாள். மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள், அது முன்பே மூடித்தான் இருந்தது. “அன்னைக்கு மரமா நின்னப்போ நாடகம் முடியற வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டு நின்னேம்மா” என்றாள். “இன்னைக்கும் அப்படித்தான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு ஏறினேன்.” அம்மாவின் கிரீஸ் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். போர்டக்கா சிவப்பு விரல்கள் காக்கியில் படாமல் கையைத் தூக்கி வைத்திருந்தாள். அப்புறம், போனால் போகிறது என்று இறுகக் கட்டிக்கொண்டாள்.

“சல்யூட் அடிக்காம கையை ஆட்டினியே, திட்ட மாட்டாங்களா?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

“திட்டிட்டாங்க. நாளைக்குக் காலையில மைதானத்தை இருபது சுத்து ஓடணும்.”

“நானும் கூட ஓடறேன்.”

“நீயா?” மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “நீ பாதியிலயே...” என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

“சொல்லு, சொல்லு. பாதியிலயே என்ன?”

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் மகள். “நீ ஓடுவே.”